பின் எடுத்த தாள்கள்

செங்கல் வாங்க வசதியில்லாமல், காகிதக் கூழில் சிமெண்டும் மணலும் கலந்து நானே கல் அறுத்து, கரிக்கலாம்பாக்கத்தில் என் தையல் மிஷினுக்கு ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தேன். பழைய பேப்பர் கடைகளில் சும்மா தரமாட்டார்கள். மூலக்குளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒரு அக்காதான் வீணான தாள்களை எனக்கென்று மூட்டை கட்டி வைத்தார்.

ஒல்லியானவர். விரல்களில் எப்போதும் கறுப்பு மை ஒட்டியிருக்கும். ஆள் வராத நேரங்களில் தாள் தாளாகப் புரட்டி, ஸ்டேப்ளர் பின்களை நகத்தால் நெம்பி எடுப்பார். பின்களைச் சேர்த்து விற்கிறார் போலும் என்று நினைத்தேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“இன்னாத்துக்குக்கா இந்த வேல? பின்னு இருந்தா செவுத்துக்கு ஒண்ணும் ஆவாது.”

“செவுத்துக்கு ஆவாது. நீ கையாலதான பெசையற? குத்திடும்ல?” தலை நிமிராமலே சொன்னார்.



மழைக்கு முன்பே அறை முடிந்து, இப்போது அங்கே உட்கார்ந்துதான் தைக்கிறேன். ஊறிய காகிதத்தைக் கையால் பிசைவதாக அவரிடம் எப்போது சொன்னேன்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஏதோ பேச்சுவாக்கில் சொல்லியிருப்பேன். சொன்ன நானே மறந்ததை அவர் மறக்காமல் வைத்திருந்தார்.