ஒரு பெட்ரூமில் எத்தனை பேர்?

முதல் நாள் வகுப்பிலேயே என் மானம் கப்பலேறியது.

"ஒரு பெட்ரூம் ஃபிளாட். இதில் எத்தனை பேர் தங்கலாம்?" என்று கேட்டார் பயிற்றுநர். பம்பாய்க்காரர். அந்தச் சூட்டிலும் கோட்டைக் கழற்றாதவர். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில்கூட அத்தனை வேகமாகத் தூக்கியதில்லை.

"எட்டுப் பேர் சார். ஹாலில் போர்டு வைத்துத் தடுத்தால் பத்து."

வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அன்று காலை அடுக்குக் கட்டிலிலிருந்து இறங்கி வந்தவர்கள்தான். கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் கிடந்த சட்டையின் மடிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சிரித்தார்கள். சரியான பதில் என்னவென்றால், ஃபிளாட்டின் பரப்பளவுக்கு எத்தனை பேர் அனுமதியோ அத்தனை பேர், அவர்கள் பெயரெல்லாம் ஒப்பந்தத்தில் பதிவாகியிருக்க வேண்டும், தடுப்புச் சுவர் கூடவே கூடாது. நான் அதை எழுதிக்கொண்டேன். எழுதிய கையோடு நோட்டை மூடினேன். ஏனென்றால் நான் அந்த வகுப்புக்குப் புறப்பட்டு வந்த வீட்டில், ஹாலுக்கு நடுவே ஜிப்சம் போர்டு நின்றுகொண்டிருந்தது.

இந்த வயதில் எனக்கு ஏன் ரியல் எஸ்டேட் படிப்பு என்று கேட்காத ஆள் துபாய் சத்வாவில் கிடையாது. ஆசையா என்ன? என் கணவர் ஏசி டெக்னீஷியன். அவருடைய கம்பெனி பராமரித்து வந்த கட்டடங்களின் கான்ட்ராக்ட் கைமாறிவிட்டது. வருஷக் கடைசியோடு வேலை கலாஸ், முடிந்தது என்று ஃபோர்மேன் வாயாலேயே சொல்லிவிட்டார். நானும் மகளும் அவர் விசாவில் இருப்பவர்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது விசா போனால் பிள்ளையை எங்கே கொண்டு உட்கார வைப்பது? பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் போய் நின்றால் ஊரில் எந்தப் பள்ளிக்கூடமும் கதவைத் திறக்காது. எங்கள் மூன்று பேரில் யாருக்காவது ஒரு வேலை விசா வேண்டும், அதை வைத்து மற்றவர்கள் இருந்துகொள்ளலாம், அவ்வளவுதான் கதை.

சத்வாவில் கீழக்கரைக்காரர் ஒருவர் சின்னதாக ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸ் வைத்திருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன். "தங்கச்சி, படிச்சு பாஸ் பண்ணி புரோக்கர் அட்ட வாங்கிட்டு வாங்க. மொத டீலு முடிங்க. அன்னைக்கே ஒங்க விசாவுக்குப் பேப்பர் போடுறேன்" என்றார். முடியவில்லை என்றால் என்று கேட்டேன். "முடியலைன்னா நா என்னமா செய்ய?" என்று கையை விரித்தார்.

அதனால் சனிக்கிழமைதோறும் ஷார்ஜா பக்கம் முவைலாவுக்குப் பயணம். அங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் இந்தப் படிப்புக்குக் கட்டணம் குறைவு. சத்வாவில் பஸ் ஏறி, ஷார்ஜாவில் மாறி, வேர்த்து ஒழுகிப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பாடம் முடிந்திருக்கும். அந்தப் பாதியில் ஒன்றும் நஷ்டமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கோல்ஃப் மைதானத்தைப் பார்த்த வீடுகளுக்கென்று ஒரு முழு அத்தியாயம். எங்கள் ஆட்களில் கோல்ஃப் மைதானத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்கள், அதற்குத் தண்ணீர் விடப் போனவர்கள்தான். ஒரு கட்டில் இடத்தை மட்டும் வாடகைக்கு விடும் பெட்ஸ்பேஸ் பற்றி ஒரு வரி கிடையாது. இந்த ஊரில் பாதிச் சனம் படுத்துத் தூங்கும் இடத்தைப் பற்றி, வீடுகளைப் பற்றிய படிப்பில் ஒரு வரி கிடையாது!

வார்த்தைகள் மட்டும் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். சமையலறையில் இரண்டு பேர் நிற்க முடியாவிட்டால் 'காம்பாக்ட்'. பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தால் 'காம் அண்ட் பிரைவேட்'. மேற்கு வெயில் முகத்தில் அறைந்தால் 'எக்ஸலண்ட் நேச்சுரல் லைட்'. இவற்றை மனப்பாடம் செய்து, ஒருவர் புரோக்கராகவும் ஒருவர் வாடிக்கையாளராகவும் நடித்துக் காட்ட வேண்டும். என் முறை வந்தபோது எங்கள் ஃபிளாட்டையே மனதில் வைத்துக்கொண்டு பேசினேன். பெட்ரூம் ஜன்னல் கட்டடத்து நடுவிலுள்ள காற்றுக் குழிக்குள் திறக்கிறது, குகை மாதிரி இருட்டு, துணி காயாது, நாலாவது மாடிக்காரன் மீன் பொரித்தால் நம் தலையணை மணக்கும் என்று உள்ளதைச் சொன்னேன்.

"மேடம், நீங்கள் வாடகைக்குக் கொடுக்க வந்தீர்களா, தடுக்க வந்தீர்களா?" என்றார் பயிற்றுநர். மறுபடியும் சிரிப்பு.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பதினைந்து வருஷமாக நான் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தால் போதும். "அக்கா, எங்க மச்சான் வாறான், ஒரு பெட்ஸ்பேஸ் பாத்துத் தாங்க", "அக்கா, எனக்கு பேமிலி ரூம் வேணும், தமிழாளுங்களா இருக்கணும்" என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொள்வார்கள். எந்தக் கட்டடத்தில் மூட்டைப்பூச்சி, எந்த வாட்ச்மேன் முசுடு, எங்கே கோடையில் டேங்க் தண்ணீர் கொதிக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர்கள் என்னைத் தேடி வருவதே குறையைச் சொல்வேன் என்றுதான். கமிஷனா? அக்கா என்று கூப்பிட்டுவிட்ட பிறகு அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டுமா? ஒரு டப்பா ஹல்வா கொடுப்பார்கள். ஹல்வா தின்றே சர்க்கரை வந்திருக்கும், நல்லவேளை வரவில்லை.

வீட்டில் பயிற்சி எடுக்கலாம் என்றால் அது இன்னொரு கூத்து. கணவரை வாடிக்கையாளராக நடிக்கச் சொன்னால், வந்ததும் ஏசியைத் திறந்து ஃபில்டரைப் பார்ப்பார். மகள் என் இங்கிலீஷைத் திருத்துவாள். "அம்மா, ஸ்டாப். நீங்க ஒவ்வொண்ணுக்கும் 'பட்', 'பட்'னு சொல்றீங்க. கிளையன்ட் ஓடிருவாங்க." ஓடட்டும் என்றிருந்தது எனக்கு.

சட்டப் பாடம் வந்த வாரம்தான் உண்மையாகவே தூக்கம் கெட்டது. உரிமையாளர் அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது, தடுப்பு வைத்தால் அபராதம், ஆளைக் காலி செய்ய வைப்பார்கள் என்று வரிசையாக இருந்தது. இதைக் கட்டிலில் உட்கார்ந்து கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"மூடு அந்தப் புஸ்தகத்த. அந்தப் பக்கம் கேக்கும்" என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

சுவருக்கும் காதுண்டு என்பார்கள். ஜிப்சம் போர்டுக்குக் காது மட்டும்தான் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எங்கள் ஊர்க் கடற்கரைப் பிள்ளைகள், அக்காளும் தங்கையும். இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்களுடைய பங்கு இல்லாமல் எங்களால் அந்த ஃபிளாட்டின் வாடகையைக் கட்ட முடியாது. பெரும்பாலும் நைட் டூட்டி. காலையில் வந்து, ஹாலின் பெரிய ஜன்னல் வெளிச்சத்தில், கண்ணுக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்குவார்கள். நான் மிக்சி போடுவேன். கீழே தையல்கடைக்காரன் யாருக்கோ போனில் கத்துவான். வருஷக்கணக்காக ஒரு நாள்கூட அவர்கள் முகம் சுளித்ததில்லை.

எப்படியோ படிப்பை முடித்தேன். துபாயில் தேர்வும் எழுதி, இரண்டாம் தடவையில் பாஸ் செய்து, படம் ஒட்டிய அட்டை கைக்கு வந்தது. அதைக் கொண்டுபோய்க் கீழக்கரை முதலாளியிடம் காட்டினால் அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை.

"தங்கச்சி, வீட்ல போர்டு வச்சிருக்கீங்கள்ல? மொதல்ல அத எடுங்க. அட்டைய கையில வச்சிக்கிட்டு நீங்களே மாட்டினா என் கடைக்கும் சேத்துப் பூட்டுப் போட்டுருவாங்க."

வீட்டுக்கு வந்து நர்ஸ் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் மூத்தவளே வந்து, "நீங்க அண்ணங்கிட்ட சொன்னது எல்லாம் கேட்டுதுக்கா, போர்டுதான" என்று சிரித்தாள். "இப்ப நீங்க அட்ட வச்ச புரோக்கராச்சே. எங்களுக்கு ஒரு வீடு பாத்துத் தாங்க. உங்க மொத டீலு நாங்களா இருந்துட்டுப் போறோம்." எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று நினைத்திருப்பாள்.

முதலாளியிடம் அப்போது காலியாக இருந்தது ஒரே ஒரு ஸ்டூடியோ. அதே சத்வாவில், கஃபட்டேரியாவுக்கு மேல். ஒரே அறை, அதற்குள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம். ஒரு மத்தியானம் அவரே வந்து கதவைத் திறந்துவிட்டார். உள்ளே கால் வைத்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அக்காளும் தங்கையும் நடு அறையில் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. எடுக்கலாமா?"

முதலாளி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லுங்க தங்கச்சி என்பதுபோல. எனக்குத் தெரியாதா என்ன சொல்ல வேண்டும் என்று? காசு கட்டிப் படித்த பாடம். இவர்கள் சரி என்றால் நாளைக்கே என் விசா, என் பிள்ளையின் தேர்வு. "எக்ஸலண்ட்" வரைக்கும் வாய் வந்தது. அதற்கு மேல் வர மாட்டேன் என்றது.

"மக்கா, நைட் டூட்டி முடிஞ்சு வந்து இதுக்குள்ள படுத்தியன்னா கருவாடாப் போவிய. வேண்டாம்" என்றேன்.

முதலாளி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம். உள்ளதைச் சொல்லும் வாய் ஒன்றை வைத்துக்கொண்டு எதற்கு இந்தப் படிப்பு, எதற்கு முவைலா, எதற்கு அந்தப் பஸ்?

லிஃப்டுக்குக் காத்து நின்றபோது மூத்தவள் மெதுவாகப் பேச்செடுத்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டா? கோவப்படக் கூடாது. எங்களுக்கு வேண்டியது இருட்டு. உங்க பெட்ரூம் இருட்டு. அண்ணனுக்கும் வேல முடியப்போவுது, அந்த வீட்ட எப்படியும் நீங்க வச்சிருக்க முடியாதுல்லா? ஆஸ்பத்திரில வீட்டு அலவன்ஸ் தாறாவ. எங்க ரெண்டு பேரு பேருல நேரா கான்ட்ராக்ட் போட்டுக்கிடுதோம்."

நான் இத்தனை வருஷமாகத் திட்டித் தீர்த்த அந்த இருட்டு! அதை ஒருத்தி ஆசைப்பட்டுக் கேட்கிறாள். நியாயமாகத்தான் கேட்கிறாள், அதுதான் இன்னும் எரிச்சல். மறுக்க ஒரு காரணம் கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. எங்கள் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது.

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி, வந்த லிஃப்டின் கதவைக் கையால் தடுத்து நிறுத்தினார். முகம் மலர்ந்திருந்தது. "அப்ப தங்கச்சி, நீங்க இந்த ஸ்டூடியோவ எடுத்துக்கிங்க. வாடகயும் ஒங்களுக்குத் தோது. ஒரே நாள்ல ரெண்டு டீலு!"

ஆபீஸில் கமிஷன் என்று வந்ததும் இளையவள், "நம்ம அக்காதான, எதுக்குக் கமிஷன்?" என்றாள். என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தை என் தொண்டையைத் தாண்டியது. ஆபீசுக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும் மக்கா என்றேன். கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இளையவள் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்கள் ஸ்டூடியோவுக்குப் பதிவு செய்யும்போது முதலாளி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "எத்தன பேரு?"

"மூணு" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சொன்ன சொல் தவறாமல் அன்றைக்கே என் விசாவுக்குப் பேப்பரையும் போட்டார்.

சாமான்களை ஏற்றிய அன்று மகள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே அங்கே வந்தாள். நல்ல மத்தியான வெயில். புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். அவள் படிக்க என்று தனியாக ஒரு மூலைகூட அதில் கிடையாது.

"இதுல என்னம்மா பிளஸ் பாயிண்ட்?"

"எக்ஸலண்ட் நேச்சுரல் லைட்" என்றேன். தடங்கலே இல்லாமல், அழகாக வந்தது. பயிற்றுநர் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

"பட்?" என்றாள் மகள்.

எங்களுக்குப் பின்னால் ஸ்டூலில் ஏறி நின்று, ஏசி குழாய்க்கு ஒட்டும் அலுமினிய டேப்பால் என் கணவர் அந்தக் கண்ணாடியை மேலிருந்து கீழாக மூடிக்கொண்டிருந்தார்.