பூட்டுக்காரர் தட்டிய கதவு

சாவியை வாங்கியதும் பூட்டுக்காரர் அதைப் பார்க்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அதன் பற்களை ஒருமுறை தடவுவார். "பீரோ சாவி. இதுக்கு உங்க வீட்டுல சண்டை நடக்குமே" என்பார். வந்தவர் அசடு வழிவார். என் ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு குடை, ஒரு மேசை, ஓர் அரம். அதுதான் அவர் தொழிற்சாலை. இப்போது படுக்கையும் என் கடை வாசலில்தான்.

அவர் கைக்குத் திறக்காத பூட்டு இந்த வட்டாரத்தில் இல்லை. அதுவே அவர் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுபவருக்கு, வினையாகிவிட்டது. குடித்துவிட்டு வந்தால் விடுவதில்லை என்று அக்கா பூட்டை மாற்றினார். இவர் ஒரு வளைந்த கம்பியை நுழைத்து, குழந்தைக்குக் காது குடைவதுபோல் மெதுவாகத் திருப்பி, உள்ளே போய்விட்டார். இன்னும் நல்ல பூட்டு வந்தது, அதையும் திறந்தார். உள்தாழ்ப்பாளை முன்பே உதைத்துப் பெயர்த்தாயிற்று. "எந்தப் பூட்டு வாங்குனாலும் இந்த மனுஷனுக்கு விளையாட்டுச் சாமான். நான் எங்க போய் ஒளியிறது தம்பி?" என்று அக்கா என் கடையில் நின்று கேட்டார். அவர் உதடு வீங்கியிருந்தது.

ஒருநாள் கம்பி உரசும் சத்தம் கேட்டதுமே மகள் கட்டிலுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டாள். விடிந்த பிறகும் வெளியே வரவில்லை. அன்று காலை பூட்டுக்காரர் தானாகவே வீட்டைவிட்டு இறங்கி வந்தவர்தான், அதன்பிறகு வீட்டுப் பக்கம் போகவில்லை. அக்கா என்னிடம் சொல்லியனுப்பியது ஒன்றுதான்: "குடிய விட்டவங்க கூடுற கூட்டம் ஒண்ணு இருக்காமே. அதுல சேரட்டும். அங்கேருந்து ஒருத்தர் வந்து சொல்லட்டும், கதவத் திறக்கறேன். இவர் சத்தியம் பண்ணிப் பண்ணி எனக்குக் காது புளிச்சுப்போச்சு."

கூட்டத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. அதற்குப் பலகையும் இல்லை, விளம்பரமும் இல்லை. மருந்துக்கடையில் கேட்டால் மானம் போகும் என்று பூட்டுக்காரர் நேராக மதுக்கடைக் கல்லாவில் போய் விசாரித்தார். பனைமரத்தடியில் பால் குடித்த கதைதான். அவர் அங்கிருந்து வெளியே வந்ததைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"டியூஷன் சென்டர் மாடியாம். ஞாயித்துக்கிழமை சாயந்திரம். இந்தக் கடையிலேருந்து நாலு பேர் போனாங்களாம், மூணு பேர் திரும்பி வந்துட்டாங்களாம். டெய்லர் மட்டும் வரலையாம்" என்றார். பிறகு சிரித்தார். "சரியான இடத்துலதான தம்பி கேட்டேன்?"

துணைக்கு நானும் போனேன். கரும்பலகையில் பாதி அழித்த கணக்கு இருந்தது. சிறுபிள்ளைகளின் பெஞ்சில் பெரிய மனிதர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அறையின் சாவி டெய்லரிடம்தான் இருக்கும். அவர் யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டே, "நாளைக்கு வேணா குடிச்சுக்கலாம், இன்னிக்கு வேணாம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார். திரும்பும் வழியில் பூட்டுக்காரர் சொன்னார்: "பேசுனத விடு தம்பி. ஊசியில நூல் கோத்தாரே, பாத்தியா? கை ஆடவே இல்ல."

இவர் கை ஆடியது. குடி நின்றதும் அரம் வழுக்கியது. வெட்டிக்கொடுத்த சாவிகள் "திரும்பல" என்று திரும்பி வந்தன. மறுபடி வெட்டிக்கொடுத்தார். சில நாள் மேசை விளிம்பைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனாலும் ஞாயிறு தவறவில்லை. கடைசியில் டெய்லர் வாக்குக் கொடுத்தார்: "அடுத்த வாரம் கூட்டம் முடிஞ்சதும் நானே வந்து உங்க வீட்டம்மாகிட்டப் பேசறேன்."

அந்த ஞாயிறு பூட்டுக்காரர் சவரம் செய்து, என் சட்டை ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். மாடி அறை பூட்டிக் கிடந்தது. படியில் நாலைந்து பேர் நின்றோம். டெய்லரின் போன் அணைந்திருந்தது. கடைசியாக ஏறிவந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல், "அவர் வரமாட்டார். நேத்துலேருந்து கடையிலதான் உக்காந்திருக்கார்" என்றார். எந்தக் கடை என்று யாரும் கேட்கவில்லை.

"நீங்க திறங்கண்ணே, நாமளாவது உக்காந்து பேசுவோம்" என்றேன். கம்பியை எடுத்தார். காற்றடித்தால் திறந்துகொள்ளும் பூட்டு. கம்பி துளையைச் சுற்றிச் சுற்றித் தட்டியதே தவிர உள்ளே நுழையவில்லை. மற்றவர்கள் தெருவைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். "ஒரு மடக்கு போட்டா நின்னுடும்" என்றார், தன் கையையே பார்த்துக்கொண்டு.

அவர் மதுக்கடைப் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். சன்னலில் விளக்கு எரிந்தது. கதவைத் தட்டினார். அந்த வீட்டுக் கதவை அவர் தட்டி நான் பார்த்ததில்லை.

"யாரு வந்திருக்காங்க?" அக்காவின் குரல் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"நான்தான். கூட ஜெராக்ஸ் கடைத் தம்பி."

"கூட்டத்துலேருந்து?"

நான் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் அவர், "யாரும் வரல" என்றார்.

உள்ளே கட்டில் கால் தரையில் உரசியது.

அவர் கை பைக்குள் போனது. பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். என் விரல்களை மெல்ல விலக்கிவிட்டு வாசலில் குந்தினார். கம்பியை எடுத்துக் கதவின் அடியிடுக்கில் தள்ளினார். பாதி உள்ளே போயிற்று. பாதி எங்கள் பக்கம் கிடந்தது. யாராவது இழுத்துக்கொள்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் இழுக்கவில்லை. நடுங்கும் ஒற்றை விரலால் மீதியையும் உள்ளே தள்ளினார்.