எதிரில் நிற்பவனுக்கும் ஓர் அர்ச்சனை

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கியதும் அட்டைப் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பந்திக்குப் போய்விடுவது நம் வழக்கம். ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். அம்மாவைப் பற்றி உங்களில் பாதிப் பேர் தப்பாகப் பேசினீர்கள். மகள் என்ற முறையில் நடந்ததை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அம்மா ஓரிக்கையில் பிறந்து பெரிய காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டார். அப்பா தறியில் உட்கார்ந்தால், பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போட்டுத் தருவார். அப்பா மாரடைப்பில் போனபோது தம்பி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவன் படிப்பையும் என் கல்யாணத்தையும் அம்மா ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். கோபம் வந்தால் சாமியைக்கூட விட மாட்டார். தம்பி பட்டாளத்தில் சேர்ந்த அன்று அழுது தீர்த்துவிட்டு, மறுநாளே பருப்புப் பொடி இடிக்க உட்கார்ந்துவிட்டார். அவனுக்கு மட்டுமல்ல, அவனோடு இருந்த எல்லோருக்கும் சேர்த்து. “உன் பொடிக்காகவே பக்கத்து டென்ட்டுக்காரனுங்க வந்துக்கினே இருக்கானுங்கம்மா” என்று தம்பி போனில் சிரிப்பான். அம்மாவுக்கு அதில் தனிப் பெருமை.

பிறகு எல்லையில் சண்டை மூண்டது. தம்பியின் சீருடைப் படத்தைப் பேனராக்கித் தெருமுனையில் கட்டி, பையன்கள் வெடி வெடித்தார்கள். அம்மா வெளியே வந்தார்.

“போனவன் இன்னும் ஊடு வந்து சேரல. அதுக்குள்ள இன்னாடா வெடி?”

“நீயே இப்டி சொல்லலாமா ஆயா? நம்ம ஜவான்களுக்கு சப்போர்ட் பண்ண வேணாமா?” என்றான் ஒருவன்.

“சண்டை வேணாம்னு சொல்றேன். சண்டைக்குப் போன புள்ளைங்க வேணாம்னா சொன்னேன்? ஒரு நாளாவது அவனுங்களுக்குப் பொடி இடிச்சுக் குடுத்திருக்கியாடா நீ?”

அந்த வாரம் தெருப் பிள்ளையார் கோயிலில் வெற்றிக்காகச் சிறப்புப் பூசை வைத்தார்கள். படைவீரனின் தாய் என்று அம்மாவை முன்னால் நிறுத்தினார்கள். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். தம்பியுடையதைச் சொல்லிவிட்டு அம்மா நகரவில்லை.

“இன்னொண்ணு சாமி. எதிர்ல நிக்கிறானுங்களே, அவனுங்களுக்கும் சேத்துப் பண்ணுங்க. பேரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. அவனுங்க ஊட்டுக்குத் திரும்பிப் போனாத்தான என் புள்ளயும் வருவான்?”

பின்னாலிருந்து ஒரு குரல், “இன்னாம்மா, எதிரிக்கு அர்ச்சனையா?” என்றது. பெயர் தெரியாவிட்டால் சாமி பெயருக்கே அர்ச்சனை செய்வது நம் வழக்கம்தானே. குருக்கள் அப்படியே செய்து முடித்தார். ஆனால் அந்தத் தட்டிலிருந்து யாரும் விபூதி எடுக்கவில்லை. அம்மா மட்டும் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

நடந்ததைத் தம்பியிடம் போனில் சொன்னேன். “அங்கயும் எவன் அம்மாவாவது இப்டி வேண்டிக்கினு இருக்குமாக்கா?” என்று கேட்டான். அதற்குப் பிறகு அவன் குரலை நாங்கள் கேட்கவில்லை.

அவனைக் காணவில்லை என்று முகாமிலிருந்து தகவல் வந்தது. உடலும் கிடைக்கவில்லை. அவன் போய்விட்டான் என்று தெருவே முடிவு செய்து, வீரவணக்கம் என்று புதுப் பேனர் கட்டியது. அம்மா அரிவாள்மணையோடு போய்க் கயிற்றை அறுத்தார். “என் புள்ள செத்தான்னு ஒனக்கு யார்ரா சொன்னது?” என்று அவர் கத்தியதைத்தான் நீங்கள் திமிர் என்று சொன்னீர்கள். பெற்ற வயிறு எரிந்தது யாருக்கும் தெரியவில்லை.

சண்டை நின்றுவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். வாரா வாரம் முகாமுக்குப் போன் போடச் சொல்வார் அம்மா. தேடிக்கொண்டிருக்கிறோம் என்பார்கள். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை, உடம்பு பாதியானது. ஒரு காலையில் எழுப்பப் போனேன், எழுந்திருக்கவில்லை. இப்போது எல்லையில் மறுபடி ஆள் குவிக்கிறார்களாம். நம் தெருவில் வெடியும் வாங்கி வைத்தாயிற்றாம். அம்மா கத்தியதற்கு ஒரு பலனும் இல்லை.

இருந்தாலும் நன்றி சொல்லாமல் முடிக்கக் கூடாது. கடைசி நாட்களில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கும், மகன் இடத்தில் நின்று கொள்ளி வைத்த சித்தப்பா மகனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. வெடி வெடித்த அதே பையன்கள்தான் பாடை தூக்கினார்கள். அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் திட்டிக்கொண்டேதான் போயிருப்பார். அவர்களுக்கும் நன்றி.

மலரின் பின்னட்டையில் பிள்ளைகளின் பெயர் வர வேண்டும். நேற்று அச்சகத்துக்காரர் போன் செய்தார்.

“தம்பி பேருக்கு முன்னால அமரர்னு போட்டுடட்டுமாம்மா? அது தெரியாம வேலை நின்னுக்கினு இருக்குது.”

போட வேண்டாம் என்றேன். அவன் வருவான் என்ற நம்பிக்கையில் சொல்லவில்லை. அந்த நம்பிக்கை அம்மாவோடு போய்விட்டது. போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.