ஆறு, ஆறு, ஒன்பது

அந்தக் கொத்தனாரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரசமட்டம் என்றால்தான் தெரியும். சட்டைப் பையில் மட்டம் பார்க்கும் ஒரு சின்ன ரசமட்டம் எப்போதும் இருக்கும். சுவர், தரை என்று வேலைக்கு மட்டுமல்ல, டீக்கடை பெஞ்சில் உட்காரும் முன்பும் அதை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார். கல்யாணப் போட்டோவை மாட்டிய நாளில் மூன்று முறை ஆணியைப் பிடுங்கி அடித்தார் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அப்பேர்ப்பட்டவர் கட்டிய வாசற்படி ஒன்று முப்பது வருஷமாக அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் சொந்த அக்கா வீட்டில்.

அது பழைய வீடு. மண்ணிலிருந்து வாசல் நிலை வரை இருபத்தொரு இஞ்ச். மூன்று படி. மூன்றால் வகுத்தால் ஏழு ஏழாக வந்திருக்கும். இருபது வயதில், தனியாகப் பிடித்த முதல் வேலை என்ற மிதப்பில், கீழிருந்து ஆறு, ஆறு என்று கட்டிக்கொண்டே போய்விட்டார். மேலே நிமிர்ந்து பார்த்தால் ஒன்பது இஞ்ச் மிச்சம். ஆளைச் சமாளிக்கலாம், நிலையைச் சமாளிக்க முடியுமா? கடைசி ஏற்றம் ஒன்பதாகவே நின்றுவிட்டது. அதில் தடுக்காமல் அந்த வீட்டுக்குள் நுழைந்த விருந்தாளி கிடையாது. ஒரு தபால்காரர் இரண்டு முறை விழுந்த பிறகு, மூன்றாம் முறை தெருவில் நின்றே கடிதத்தை வீசிவிட்டுப் போனார்.

"மாத்திக் குடுத்துடறேன்க்கா" என்று கொத்தனார் கெஞ்சாத வருஷமில்லை.

"இருந்துட்டுப் போகட்டும்டா. திருடன் வந்தா விழுந்து அவனே சத்தம் போடுவான். நாய் வளர்க்கிற செலவு மிச்சம்" என்பாள் அக்கா.

எட்டு வருஷத்துக்கு முன்பு அக்காவுக்குக் கண் பார்வை போய்விட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலையை அவள் விடவில்லை. தினமும் எட்டரைக்குக் கைக்கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூன்று படியையும் மடமடவென்று இறங்குவாள். கோலை விரிப்பதே தெருவுக்கு வந்த பிறகுதான். வெளியூரில் இருக்கும் மகன்தான் பயப்படுவான். தன்னோடு வந்து இருக்கச் சொல்லி நச்சரிப்பான்.

"பன்னெண்டாவது மாடியில நான் என்னடா பண்றது? லிஃப்டு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு எண்ணிக்கிட்டு உக்காரவா?" என்று போனை வைத்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போது குடிநீர்க் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டியவர்கள் வாசற்படியின் அடியையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டார்கள். கீழ்ப்படி பிளந்து, நடுப்படி ஆடியது. செய்தி மகன் காதுக்குப் போய்விட்டது.

"மாமா, அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றான் போனில். "அதுக்குள்ள படியைச் சரி பண்ணிடுங்க. அம்மா தடுமாறாம இறங்கினா நான் வாயைத் திறக்கலை. தடுமாறினாங்களோ, அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன். ரெண்டு டிக்கெட் போட்டாச்சு. நீங்க குறுக்க வரக் கூடாது."

கொத்தனாருக்குக் கவலைதான். ஆனால் உள்ளுக்குள் ஒரு குஷியும் இருந்தது. முப்பது வருஷ அவமானத்தை உடைத்தெறிய இப்படி ஒரு சாக்கு இனி கிடைக்குமா? சனிக்கிழமையே மூன்று படியையும் அடியோடு பெயர்த்தார். அக்கா பின்வாசல் வழியாகப் போய்வந்தாள். ஏழு, ஏழு, ஏழு. ஓரம் கத்தி மாதிரி, பூச்சு கண்ணாடி மாதிரி. ரசமட்டத்தை மூன்று படியிலும் வைத்து, குமிழியை ஆசை தீரப் பார்த்தார். மூன்று நாள் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, புதன்கிழமை காலையில், "இப்ப இறங்குக்கா!" என்றார்.

அக்கா வழக்கம்போல விறுவிறுவென்று வந்தாள். ஒன்பது இஞ்ச் ஆழத்தை எதிர்பார்த்துப் போன காலில் ஏழிலேயே தரை வந்து முட்டியது. தாடை வரை அதிர்ந்தது. சுவரைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி இறங்கினாள். திரும்பி ஏறும்போது நிலைமை இன்னும் மோசம். கடைசிப் படிக்கு உயர்த்திய கால் வெறும் காற்றை மிதித்துப் பொத்தென்று இறங்கியது. முழங்கால் நிலையில் இடித்துத் தோல் உரிந்துவிட்டது.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"சரியாத்தான்க்கா பண்ணியிருக்கேன்."

"யாருக்குச் சரி?"

கொத்தனார் புதுப் பூச்சைத் தடவிப் பார்த்தார். பிறகு மெல்ல, "ரெண்டு வாரத்துல கால் பழகிடும்க்கா" என்றார்.

"ரெண்டு வாரத்துக்கு எங்கடா போறது? நாலு நாள்ல வந்து நிக்கிறான்." அக்கா மறுபடி இறங்கிப் பார்த்தாள். இப்போது ஒவ்வொரு படிக்கும் காலை நீட்டித் துழாவினாள். அப்படித் துழாவி இறங்கி அவளை யாரும் பார்த்ததில்லை. கொத்தனாருக்கு அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவர், வண்டியிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

கூட வேலை செய்யும் சித்தாள் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "மேஸ்திரி, அன்னைக்கு முத்தம் குடுக்காத குறையா பார்த்தீங்க. இன்னைக்கு உடைக்கிறீங்க. உள்ள ஏதாச்சும் புதையலை வச்சுப் பூசிட்டீங்களா?"

"வாயைக் குறை. கலவை போடு."

கீழ்ப்படியில் ஒரு இஞ்ச், நடுப்படியில் இரண்டு இஞ்ச் செதுக்கினார். ஒவ்வொரு அடியும் அவர் நெஞ்சிலேயே விழுந்தது. ஆறு, ஆறு, ஒன்பது. அந்தக் கணக்கு அவருக்குத் தூக்கத்திலும் மறக்காது. ஆனால் அக்கா கால் வைத்ததுமே, "இது இல்லடா" என்றாள்.

"அதேதான்க்கா. அளந்து வச்சிருக்கேன்."

"நீ டேப்ல அளந்த. நான் காலால அளக்கிறேன். நடுவுல இன்னும் பள்ளம் இருக்கும். வலது பக்கமா."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் கட்டிய படி வேறு, முப்பது வருஷம் மிதிபட்டுத் தேய்ந்த படி வேறு. அக்காவைப் படியருகே நிற்க வைத்து, ஓட்டுச் சில்லை வைப்பதும் எடுப்பதும் அங்கங்கே கொஞ்சம் சுரண்டுவதுமாக மத்தியானம் வரை போனது. கடைசியில் அவள் பாதம் ஓரிடத்தில் போய் அமர்ந்தது.

"ம்... இதுதான். இப்படியே விடு."

அப்படியே பூசினார். பழக்கதோஷம், ரசமட்டத்தை எடுத்து வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. சட்டென்று எடுத்துப் பைக்குள் போட்டார்.

"நான் பார்க்கலை மேஸ்திரி" என்றாள் சித்தாள், சாந்துச் சட்டியைக் கழுவியபடி. "சத்தியமா பார்க்கலை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனை ஏற்றிக்கொண்டு வாடகைக் கார் வந்து நின்றது. கதவு சத்தம் கேட்டதும் அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கோல்கூட எடுக்கவில்லை. கொத்தனார் மதில் ஓரத்தில் நின்று அவள் காலையே பார்த்தார். மேல்படி, நடுப்படி, கீழ்ப்படி. மடமடவென்று இறங்கி மகன் கன்னத்தைத் தடவினாள்.

"இளைச்சுட்ட. உள்ள வா."

அவள் முன்னால் ஏறிப் போக, மகன் பையோடு பின்னால் ஏறினான். பன்னிரண்டு வருஷம் வெளியூரில் இருந்தவனுக்குக் கால் மறந்து போயிருந்தது. கடைசிப் படியில் தடுக்கி, பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கமாகப் பறக்க, நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"என்ன மாமா இது! இதைத்தானே சரி பண்ணச் சொன்னேன்?"

"சரிதான் பண்ணியிருக்கேன்" என்றார் கொத்தனார்.

"அவனைத் திட்டாதடா. பாவம், அவனுக்குத் தெரிஞ்ச வேலை அவ்வளவுதான்" என்றாள் அக்கா. முகம் முழுக்கச் சிரிப்பு.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சாந்துக் கரணையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போயிருப்பார். இப்போது குனிந்து, கீழே கிடந்த செருப்பை எடுத்து மருமகனிடம் நீட்டினார்.

"பார்த்து ஏறுப்பா."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ரெண்டு டிக்கெட் போட்டியாமே? ஒண்ணை இப்பவே கேன்சல் பண்ணிடு. நாளைக்கு எட்டரைக்கு நான் டூட்டிக்குக் கிளம்பணும்."