பெஞ்சுக்கு அடியில் இரண்டு கால்கள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெரியவளைக் கேட்டால், ஆளை முகத்தை வைத்து எடைபோடாதே, காலை வைத்துப் போடு என்பாள். எதிரே யார் வந்தாலும் அவள் பார்வை முதலில் தரைக்குத்தான் போகும். குனிந்த தலை நிமிராத பெண் என்று அக்கம்பக்கத்தில் மெச்சியதுண்டு. அடக்கமாவது ஒன்றாவது! வருகிறவர் என்ன ஷூ போட்டிருக்கிறார் என்று பார்ப்பாள், அவ்வளவுதான்.

வீட்டில் இரண்டே பெண்கள். இவள் பெரியவள், தங்கை சின்னவள். சலவைக்கூடத்தில் மட்டும் இவளுக்கு ‘ஷூக்காரி’ என்று பட்டம். அங்கே நாள் முழுக்க முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். படுக்கை விரிப்புகள் வெந்நீரில் புரளும் பெரிய மெஷின்களுக்கு நடுவே நின்று நின்று, மாலையில் பூட்ஸைக் கழற்றினால் கால் இரண்டும் ஊறிய துணிபோல வெளுத்துச் சுருங்கியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கால்களைத் துடைத்து, பவுடர் போட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். அலமாரியில் பெட்டி பெட்டியாக ஸ்னீக்கர்கள். ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு பாயின் மேலேயே கொஞ்சம் நடப்பாள். பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் அடிப்பாகத்தைத் துடைத்து, மெல்லிய தாளில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துவிடுவாள். தெருவில் போக ரப்பர் செருப்பு. புதுசு ஒன்று வந்துவிட்டால் பழசு அலமாரியின் உச்சிக்குப் போய்விடும், அப்புறம் அதைத் தொடுவதுகூடக் கிடையாது.

“போடறதுக்கா, பூட்டி வைக்கறதுக்காக்கா?” என்று சின்னவள் கேலி செய்வாள்.

“உனக்கு அதெல்லாம் புரியாதுடி” என்பாள் பெரியவள்.

உண்மையில் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் சின்னவள்தான். பள்ளிக்கூடத்தில் ஷூ கட்டாயம். வீட்டிலோ ஒரே ஜோடி. பெரியவளுக்குக் காலை வகுப்பு, சின்னவளுக்கு மதிய வகுப்பு. மணி அடித்ததும் பெரியவள் விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவாள். வாசலில் காத்திருக்கும் சின்னவள், அக்கா கழற்றித் தரும் ஷூவின் முன்பக்கம் கொஞ்சம் துணியை அடைத்து அதற்குள் காலை விடுவாள். “ஐ, சூடா இருக்கு!” என்று ஒரு குதி குதித்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவாள். சின்னவளுக்கு அது தினம் ஒரு கொண்டாட்டம். பெரியவளுக்கு அப்படியில்லை. மற்ற பெண்கள் வகுப்பு விட்டபின் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்க, அவள் ஒருநாளும் அங்கே நின்றதில்லை. சம்பாதிக்க ஆரம்பித்ததும் யாருக்கும் கழற்றிக் கொடுக்க வேண்டியிராத ஷூ ஒன்று வாங்க வேண்டும் என்று அப்போதே மனசுக்குள் முடிந்துவைத்தாள். முதல் சம்பளத்தில் வாங்கியது ஒரு நீல ஸ்னீக்கர். ஆசை அதோடு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை.

சின்னவள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். தீயணைப்புப் படையில் பெண்களுக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்ததும் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். பாக்கி ஓட்டம்தான். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது, இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் தினமும் ஓடிப் பழகினாள். கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்க்கும் ஒரு பழைய ஷூதான் அவளிடம் இருந்தது.

“அக்கா, டெஸ்ட் அன்னிக்கு மட்டும் உன்னோடதுல ஒரு ஜோடி குடேன். கிழிஞ்சத போட்டுட்டுப் போனா வரிசையிலயே நிக்க விடமாட்டாங்க.”

பெரியவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். கூடப் பிறந்தவள் கேட்டால் இல்லையென்று சொல்ல முடியுமா? கொடுக்கவும் மனசில்லை. அதிலும் இப்போதுதான் வாங்கிய சந்தன நிற ஜோடி, மேகத்தில் கால் வைத்த மாதிரி இருப்பது, அதைத் தருவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. நாற்காலி போட்டு ஏறி, உச்சியிலிருந்து நீல ஜோடியை இறக்கினாள். நீலம் கொஞ்சம்கூட மங்கவில்லை. பார்க்க நேற்று வாங்கியதுபோல இருந்தது.

“என் முதல் சம்பளத்துல வாங்கினது. இதுதாண்டி என் உசிரு. உனக்குன்னுதான் எடுத்துத் தரேன்.”

முதல் வாக்கியம் மட்டும் உண்மை. இருப்பதிலேயே வேண்டாததைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அதை உயிர் என்று சொல்ல அவளுக்கு நாக்குக் கூசவில்லை. சின்னவள் கண் கலங்கிவிட்டாள். வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள்.

“பழகறதுக்கு என்னோட கிழிசலே போதும்க்கா. இத அன்னிக்கு மட்டும் போட்டுக்கறேன். உன்னோடத நான் தேய்க்கலாமா?”

டெஸ்ட் அன்று காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே மைதானத்துக்குப் போனார்கள். ஓட்டக்காரர்கள் கூடுகிற இடம், ஷூவைப் பற்றித் தெரிந்த கண்கள் நாலு இருக்கும் என்று கணக்குப் போட்டு, பெரியவள் அன்று சந்தன நிற ஜோடியை முதல் முறையாக வெளியே போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

“இது புதுசாக்கா? நல்லா இருக்கே!”

“இதுவா? சும்மா, சாதாரணம். நீ போட்டிருக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் எந்த மூலைக்கு!”

விசில் ஊதியது. சின்னவள் சிட்டாகப் பறந்தாள். முதல் சுற்றில் அவளுக்கு முன்னால் ஒரே ஒரு நெட்டைப் பெண்தான். மைதானத்தின் ஒரு வளைவில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. மற்றவர்கள் சளப் சளப்பென்று அதிலேயே மிதித்து ஓட, சின்னவள் மட்டும் விலகிச் சுற்றிக்கொண்டு ஓடினாள். ‘ஏன் இவள் சுற்றிக்கொண்டு போகிறாள்?’ என்று பெரியவள் பல்லைக் கடித்தாள். அடுத்த சுற்றிலும் சுற்றியபோதுதான் விளங்கியது. அக்காவின் ஷூவில் சேறு படக் கூடாதாம்.

மூன்றாவது சுற்றில் நீலத்தின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. வருடக்கணக்கில் போடாமல் வைத்த ஷூவின் அடிப்பாகம் உள்ளுக்குள்ளேயே மக்கிப்போகும் என்பது பூட்டி வைக்கிறவர்களுக்குத் தெரியாது. போட்டுத் தேய்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ரஸ்க்கைக் கையில் நொறுக்கியதுபோல ஓடுபாதை நெடுக வெள்ளைத் தூள் உதிர்ந்தது. ஒரு காலில் அடிப்பாகம் மொத்தமும் கழன்று பின்னால் கிடக்க, சின்னவள் தடுக்கி விழுந்து, எழுந்து, நின்றுவிட்டாள்.

விசில்காரர் நல்ல மனுஷர். “வெறுங்கால்ல விடமாட்டோம்மா. வேற ஷூ இருந்தா கடைசி பேட்ச்சோட ஓடு. இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

பெரியவள் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் கால்கள் அவளைக் கேட்காமலே பெஞ்சுக்கு அடியில் போயின. மடியிலிருந்த பையை இறக்கி முன்னால் வைத்துக்கொண்டாள். கழற்றத்தான் குனிந்தோம், கயிற்று முடிச்சு இறுகிவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். முடிச்சு ஒன்றும் இறுகவில்லை. சேறு இருந்தது, அதுதான் விஷயம். மைதானத்தின் அந்த வளைவில் நிறையச் சேறு இருந்தது.

சின்னவள் அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. கையில் நீலத்தை வைத்துக்கொண்டு அழுது நின்றாள்.

அதற்குள் ஓட்டத்தை முடித்துவிட்ட நெட்டைப் பெண், அதே வேலைக்குப் போட்டி போடுகிறவள், மூச்சு வாங்கிக்கொண்டே தன்னுடையதைக் கழற்றினாள். “இந்தாங்க. உள்ள ஈரமா இருக்கும், பரவால்லயா? பெருசா இருந்தா கைக்குட்டைய அடைச்சுக்குங்க.”

சின்னவளுக்குத் துணி அடைத்து ஓடுவது தெரியாத வித்தையா? கடைசி பேட்ச்சில் சேற்றையும் தண்ணீரையும் மிதித்துக்கொண்டே ஓடித் தேறினாள்.

இரைக்க இரைக்கப் பெஞ்சுக்கு வந்து, நொறுங்கிய நீலத்தை நீட்டினாள். “அக்கா, உன் உசிரக் கெடுத்துட்டேன். திட்டாதக்கா.”

தன் ஷூவை வாங்கிக்கொள்ள வந்த நெட்டைப் பெண் பக்கத்தில்தான் நின்றாள். அவள் கண் பைக்குப் பின்னால் பளிச்சென்று தெரிந்த சந்தன நிறத்தின் மேல் விழுந்தது. சின்னவளின் காலைப் பார்த்தாள். அக்காளின் முகத்தைப் பார்த்தாள். வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. “போகட்டும் விடுடி, ஷூ போனா என்ன” என்று தங்கையிடம் சொன்னாள். அதைக் கேட்ட சின்னவள், அக்காளுக்கு எத்தனை பெரிய மனசு என்று இன்னும் அழுதாள்.

அதன்பின் பெரியவள் அலமாரியைத் திறக்கவில்லை. சந்தன நிறத்தைப் பெட்டியில்கூட வைக்காமல் கதவோரம் போட்டுவைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். சின்னவள் “எங்கக்கா மாதிரி வராது” என்று யாரிடமாவது சொல்லும்போதெல்லாம் வாய் ஒட்டிக்கொள்ளும்.

சின்னவள் வேலையில் சேர்ந்தாள். முதல் சம்பளம் வந்த மாலை நேரே அக்காவின் அறைக்கு வந்து வாசலில் நின்றாள். அவள் காலில் புத்தம்புது நீல ஸ்னீக்கர்.

“அதே நீலம்க்கா, கடை கடையா ஏறித் தேடினேன். பெட்டியில குடுத்தா பெட்டியோட மேல ஏத்திடுவேல்ல, அதான் போட்டுக்கிட்டே நடந்து வந்தேன். எனக்குத்தான் அங்க பூட்ஸ் குடுத்துட்டாங்களே.” குனிந்து கழற்றினாள். “இந்தா, கால விடு.”

பெரியவள் காலை விட்டாள். சின்ன வயதில் தினமும் ஓடி வந்து கழற்றிக் கொடுத்தவள் அவள். இன்னொருத்தி கழற்றிய சூடு ஆறாத ஷூவுக்குள் அதுவரை அவள் கால் போனதில்லை.

“எப்படிக்கா இருக்கு?”

“சூடா இருக்குடி” என்றாள் பெரியவள். குனிந்த தலையை அவளால் நிமிர்த்த முடியவில்லை.