என்னைத் தோற்கடித்த இன்ஜின் படம்

சபையாரே, சாட்சி சொல்ல எழுந்திருக்கிறேன். ஆண்டவர் செய்ததைச் சொல்வதற்கு முன்னால், அவரோடு நான் போட்ட சண்டையைச் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாரதி அனுமதிப் பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையில் நான் தோற்றுப்போனேன். ஒரே ஒரு புள்ளியில். லிந்துலைப் பக்கத் தோட்டத்தில் பதினைந்து வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள் நான். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளை என் அண்ணன் ராஜன்தான் ஆட்டோவில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போவார். அவருக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருந்தது. நான் லைசன்ஸ் எடுத்தால் ஆட்டோ எனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தார். மலை ஏறி ஏறி முழங்கால் தேய்ந்துபோன எனக்கு அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை.

இரண்டு மாதம் ஜெபித்தேன். வீதிக் குறியீட்டுப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன். சிக்னல் லைட்டை நான் நேரில் பார்த்ததே இல்லை. என் மகள் மெர்லின் சிவப்பு, மஞ்சள், பச்சைப் போத்தல் மூடிகளை அடுக்கிவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அதெல்லாம் சரியாகவே குறித்தேன். விழுந்தது ஒரு இன்ஜின் படத்தில். மஞ்சள் பலகை, நடுவில் புகை விடும் இன்ஜின். 'பக்கத்தில் ரயில் நிலையம்' என்று குறித்துவிட்டேன்.

டவுனில் வண்டி பழக்கும் லேர்னர்ஸ் நடத்தும் முஸ்லிம் நானாவிடம் போய் அழுதேன். நான் குறித்ததை ஒவ்வொன்றாகக் கேட்டவர், அந்த இடத்தில் தலையில் கை வைத்தார்.

"அடடா தங்கச்சி, அது கேட் இல்லாத ரயில் கடவைங்க. வண்டிய நிப்பாட்டி, ரெண்டு பக்கமும் பாத்து, காது குடுத்துக் கேட்டுட்டுத்தான் தாண்டணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பலகை எங்கள் தோட்டத்து ரயில் பாதைக்கு முன்னாலேயே நிற்கிறது. அதன் கம்பத்தில்தான் கூடையைச் சாய்த்துவைத்து வெற்றிலை போடுவோம். பதினைந்து வருடம் அதில் முதுகைச் சாய்த்தவள், அது என்ன சொல்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எங்களுக்கு ரயில்தான் கடிகாரம். எந்த ரயில் எப்போது போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிறகு பலகை எதற்கு?

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரோடு மல்லுக்கு நின்றேன். "நல்லா செஞ்சீங்க! ஒரு புள்ளி குடுக்க உங்களுக்கு மனசு வரலியா?" என்று கேட்டேன். அன்றைக்கு ஜெபிக்கவே இல்லை.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வெட்கமாக இருந்தது. மெர்லினின் டீச்சரைப் பார்க்கும் சாக்கில் அண்ணனின் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். பின்னால் என்னோடு மெர்லினும் சேர்த்து ஐந்து பிள்ளைகள். ஒரே கூச்சல். வெளியே பனிமூட்டம். திடீரென்று அந்த மஞ்சள் பலகை கண்ணில் பட்டது. என்னைத் தோற்கடித்த அதே இன்ஜின்.

"அண்ணே, நிப்பாட்டுங்க!"

"ஏன் புள்ள? காலை ரயில் இப்பத்தானே போச்சு. இனிமே பத்து மணிக்குத்தான்."

"நிப்பாட்டுங்கன்னு சொல்றேன்ல!"

முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். என்னைக் கேலி செய்வதற்காகவே இன்ஜினையும் அணைத்தார். "இந்தா, அடுத்த பரீட்சைக்கு நல்லாப் பாத்துக்க" என்றார்.

அவர் வாய் மூடவில்லை. ரயில் ஹார்ன் சத்தமும் அதுவும் ஒன்றாகவே வந்தன. பெட்டி எதுவும் இல்லாத வெறும் இன்ஜின். எந்த நேரக் கணக்கிலும் இல்லாத இன்ஜின். ஆட்டோ குலுங்கியது. தண்டவாளத்துக்கும் எங்கள் முன்சில்லுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கும் இடம்தான் இருந்தது.

அது போய்விட்டது. பிள்ளைகள் அழக்கூட இல்லை. மெர்லின் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். அண்ணன் இறங்கிப்போய் ரோட்டோரம் குந்தி வாந்தி எடுத்தார். திரும்பி வந்து என்னை வெறித்துப் பார்த்தார்.

"நேத்து நீ பாஸாயிருந்தா, இன்னைக்கு எங்க கூட வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். சந்தோஷமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போயிருப்பேன். அந்தப் படத்துக்கு அர்த்தமும் தெரிந்திருக்காது. நான் இல்லாமல் என் பிள்ளை அந்த ஆட்டோவில் இருந்திருப்பாள். அங்கேயே ஈரத் தரையில் முழங்கால் போட்டேன். மன்னிப்புத்தான் கேட்டேன்.

அண்ணன் கொழும்புப் பயணத்தைத் தள்ளிப்போட்டார். அடுத்த பரீட்சையில் தேறினேன். இன்றைக்கு அந்த ஆட்டோவை நான்தான் ஓட்டுகிறேன். பலகையைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைப்பேன். பின்னால் பிள்ளைகள் தாமாகவே வாயை மூடிக்கொள்வார்கள். அந்த அமைதிதான் இப்போது என் காலை ஜெபம்.

கேட்டது கிடைக்கவில்லை என்று யாராவது இங்கே மனம் கசந்து உட்கார்ந்திருந்தால், என்னைப் போல அவசரப்பட்டு அவரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். கொஞ்சம் பொறுத்து, நம்பியிருங்கள். நான் பாஸாக வேண்டும் என்று கேட்டேன். அவர் என் மகளைக் கொடுத்தார்.

சபைப் பக்கமே வராத அண்ணன் கொழும்பிலிருந்து தினமும் போன் எடுக்கிறார். சுகம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரே கேள்விதான்.

"நின்னியா புள்ள?"

"நின்னேன் அண்ணே."