ஒச்சம்மா இருவர்

ஜூலை முதல் தேதி போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் முப்பத்தாறு பேருக்கு ஒரே கேக் வெட்டப்படும். அன்றைக்கு அவர்கள் எல்லாருக்கும் பிறந்தநாள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் இறங்கியபோது, முகாமில் இருந்த குமாஸ்தா பிறந்த தேதி கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவர் பிள்ளைகளின் உயரத்தைப் பார்த்து வருஷத்தை மட்டும் மாற்றி மாற்றி எழுதினார். தேதிக்கு எல்லாருக்கும் ஒரே ஜூலை ஒன்று. மனிதர்களைப் பற்றி விசாரிக்க ஐந்து நிமிஷம் செலவிடாத அந்தப் பேனாவை அவர்கள் திட்டித் தீர்க்கவில்லை. கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். வயது ஆளுக்கொன்று என்பதால் கேக்கில் எண் வைப்பதில்லை, ஒரே ஒரு மெழுகுவர்த்தி.

கேக்குக்கு ஆர்டர் கொடுப்பது ராஜகுமாரி. அவள் கச்சாலிலேயே பிறந்தவள் என்பதால் சொந்தமாக ஒரு தேதி உண்டு. வயது நாற்பத்து நான்கு. சுனாமிக்குப் பிறகு பலரையும் போல போர்ட் பிளேருக்கு வந்து, டாலிகஞ்சில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டாள். கப்பல் டிக்கெட், ரேஷன் விண்ணப்பம், தகவல் உரிமை மனு என்று ஊருக்கே எழுதிக் கொடுப்பாள். கடலுக்கடியில் கேபிள் வந்து இன்டர்நெட் ஓடத் தொடங்கியதும், ஏஐ என்று எல்லாரும் சொல்கிற அந்தக் கருவியிடம் ஒரு நாள் தமிழில் கேட்டாள், நூறு விண்ணப்பத்தில் ஒரே முகவரியைக் கையால் நூறு முறை அடிக்காமல் இருக்க வழி உண்டா என்று. அது பைத்தான் மொழியில் இருபது வரி எழுதிக் கொடுத்தது. ஓட்டிப் பார்த்தாள். அரை நாள் வேலை அரை நிமிஷத்தில் முடிந்தது.

அன்று பிடித்த பித்து. புரோகிராம் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். அவள் படித்த விதம் இதுதான்: வேண்டியதைச் சொல்வாள், அது எழுதும், ஒட்டுவாள், திரையில் சிவப்பெழுத்து வந்தால் அதை அப்படியே எடுத்து அதனிடமே கொடுப்பாள், அது மன்னிப்புக் கேட்டுத் திருத்தும். நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரியும் வாசித்ததில்லை. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலுக்குக் கயிறு கட்டும் அவள் புருஷன் குணா, "நீ படிக்கிறியா, அது படிக்குதா?" என்று கேட்டான். அவனுக்கு அன்றைக்கு டீ கிடைக்கவில்லை.

இப்படி இருக்கையில், டெலானிபூர் மேட்டில் உள்ள ஓர் அரசு அலுவலகத்தின் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். பத்து வருஷத்துக்கு மேல் தினக்கூலி மஸ்தூராக உழைத்தவர்களை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டும். அங்கே பெருக்குவதும் தோட்டம் பார்ப்பதுமாக இருபது வருஷம் ஓட்டிய இரண்டு பெண்கள் அந்தப் பட்டியலைப் பார்க்கப் போனார்கள். இரண்டு பேர் பெயரும் ஒச்சம்மா. இரண்டு பேருக்கும் 1967 ஜூலை ஒன்று. ஒருத்தி பேசினால் கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்பதால் ரேடியோ ஒச்சம்மா. இன்னொருத்தி சைக்கிளில் வேலைக்குப் போவாள், மேட்டில் தள்ளிக்கொண்டும் இறக்கத்தில் பிரேக் இல்லாமலும். அவள் சைக்கிள் ஒச்சம்மா. பட்டியலில் இருந்தது ஒரே ஒரு ஒச்சம்மா.

"அது நான்தான்" என்றாள் ரேடியோ. "உன் பேர அவங்க எழுதியிருந்தா காகிதமே கிழிஞ்சிருக்கும்" என்றாள் சைக்கிள். இருவரும் சண்டை போட்டுக்கொண்டே அந்த ஆபீஸ் குமாஸ்தாவிடம் போனார்கள். அவர் நிமிர்ந்தே பார்க்காமல், இது கம்ப்யூட்டர் போட்ட லிஸ்ட், அதில் தப்பு வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார். முன்பெல்லாம் தலையெழுத்து என்று சொல்லி ஏழையின் வாயை அடைத்தார்கள். அந்தத் தலையெழுத்தை இப்போது அச்சடித்தே சுவரில் ஒட்டுகிறார்கள்.

இருவருக்கும் ஓய்வு வயதுக்கு இன்னும் இரண்டு வருஷம். இந்தப் பட்டியலில் விட்டால் இன்னொன்று வருவதற்குள் விளக்குமாற்றை வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ராஜகுமாரிக்கு ரத்தம் கொதித்தது. தகவல் உரிமை மனு போட்டு ஹாஜிரி ரெஜிஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டின் சுருக்கத்தை வாங்கினாள். ஒவ்வொரு பெயரையும் ஆபீஸ் ஆளுக்கொன்றாகக் கொடுத்த டோக்கன் எண்ணோடும் பிறந்த தேதியோடும் சேர்ந்த தேதியோடும் வேலை நாட்களோடும் இரண்டு வாரம் உட்கார்ந்து அடித்தாள். பிறகு கருவியிடம் சொன்னாள்: இதைச் சுத்தமாக்கி, பத்து வருஷம் தாண்டியவர்களைச் சீனியாரிட்டிப்படி வரிசைப்படுத்து. பட்டியல் வந்தது. இருநூற்றெட்டு பேர். அலுவலகப் பட்டியலிலும் இருநூற்றெட்டு. ஒப்பிட்டாள், ஒரு பெயர்கூட மாறவில்லை. ஒரே ஒரு ஒச்சம்மா.

தன் புரோகிராம் அரசாங்கத்தோடு அச்சுக்கு அச்சு ஒத்துப்போனதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அதை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுவாள். இரண்டு ஒச்சம்மா அத்தைகளையும் கூப்பிட்டு, ஆபீஸ் கணக்கு சரிதான் போலிருக்கிறது, கம்ப்யூட்டரும் அதையேதான் சொல்கிறது என்றாள்.

சைக்கிள்தான் கேட்டாள், எத்தனை பேரை உள்ளே போட்டாய் என்று. இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாருக்கும் பத்து வருஷம் ஆகிவிட்டதா? ஆகிவிட்டது. எத்தனை பேர் வெளியே வந்தார்கள்? இருநூற்றெட்டு.

"கச்சால்ல ரப்பர் காட்டுல காலையில பால் வெட்டுற கத்திய எண்ணிக் குடுப்பாங்க, சாயங்காலம் எண்ணி வாங்குவாங்க. ஒண்ணு கொறஞ்சா ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்தக் கத்திக்கு இருந்த மரியாதை எங்களுக்கு இல்லையா ராசு?"

ராஜகுமாரிக்குக் காது சூடாகிவிட்டது. அவர்களை உட்கார வைத்துவிட்டு, முதல்முறையாக அந்தப் புரோகிராமின் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறதென்று கருவியைத் தமிழில் விளக்கச் சொன்னாள். பதினோராவது வரியில் திருட்டு மாட்டிக்கொண்டது. பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் ஒரே நபர் இரண்டு முறை பதிவாகிவிட்டார் என்று கருதி ஒரு பதிவை நீக்குகிறேன் என்றது. அப்படி நீங்கியவர்கள் யார் யார் என்று கேட்டாள். ஓர் ஒச்சம்மா, ஒரு முத்துவீரன், ஒரு பெரியதம்பி, ஒரு நல்லதம்பி. நால்வரும் கச்சால்காரர்கள், நால்வரும் ஜூலை ஒன்று.

முகாம் குமாஸ்தாவின் கதையைத் தட்டச்சு செய்து அனுப்பினாள். அப்படியானால் பிறந்த தேதியை நம்ப முடியாது, ஆளுக்கு ஆள் வேறுபடுகிற வேறொன்று இருக்கிறதா என்று அது கேட்டது. டோக்கன் எண் இருந்தது. பதினோராவது வரியை அவள் தானே மாற்றினாள். அதோடு நிற்காமல், கடைசியில் தன் கையால் இரண்டு வரி சேர்த்தாள்: தகுதியில்லை என்று தள்ளப்பட்டவர்களும் வெளியே வந்தவர்களும் சேர்ந்து உள்ளே போனவர்களின் எண்ணிக்கைக்குச் சரியாக வராவிட்டால் நின்றுவிடு, எண்ணிக்கை குறைகிறது என்று சொல். கருவி எழுதித் தராமல் அவள் எழுதிய முதல் வரிகள் அவைதான். சிவப்பெழுத்து வரவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. குணாவுக்கு அன்று டீயோடு வடையும் கிடைத்தது.

ஆட்சேபம் கேட்கும் நாளில் அதிகாரி நந்தகுமார் எதிரில் மூவரும் நின்றார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது அவருக்கு. காகிதத்தைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, ஒரே நாள்ல முப்பத்தாறு பேரு பிறந்தாங்களா?"

"ஆமா சார். சர்க்கார் பேனாவுல பிறந்தாங்க" என்றாள் ராஜகுமாரி.

சிரிப்பு நின்றது. ராஜகுமாரி வாதாடவில்லை. உங்கள் கம்ப்யூட்டருக்குள் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கேட்டாள். அவர் கம்ப்யூட்டர் பார்க்கும் பையனை வரவழைத்தார். அவன் எண்ணிப் பார்த்தான், மறுபடி எண்ணினான், டூப்ளிகேட்டை நீக்குற பட்டனை அழுத்தினேன் சாப் என்றான். அதற்குள் ரேடியோ, "நாங்க ரெண்டு பேரும் இங்கதானே நிக்கிறோம், எது டூப்ளிகேட்டுனு கண்ணால பார்த்துச் சொல்லுங்க" என்றாள். அடுத்த அறையிலிருந்த வங்காளி ஹெட்கிளார்க், கியா ஹுவா, என்ன ஆச்சு என்று ஓடி வந்தார். நந்தகுமார் நல்ல மனிதர்தான். அங்கேயே திருத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரே ஒரு சிக்கல் மிஞ்சியது. இரண்டு ஒச்சம்மாவும் வேலைக்குச் சேர்ந்தது ஒரே நாள். சேர்ந்த நாள் ஒன்றானால் மூத்தவருக்கு முதலிடம் என்பது விதி. நாற்பது வருஷமாக ஒருத்தியை ஒருத்தி அக்கா என்று கூப்பிட்டுத் தன்னை இளையவளாக்கிக்கொண்டவர்கள், அந்த நிமிஷத்தில் இருவருமே மூத்தவர்களாகிவிட்டார்கள். கப்பலில் இவளுக்கு மூக்குத் துடைத்துவிட்டதே நான்தான் என்றாள் ரேடியோ. துடைக்கத் துணி கொடுத்தது யார் என்றாள் சைக்கிள். நந்தகுமார் தலையைப் பிடித்துக்கொண்டு ராஜகுமாரியைப் பார்த்தார். டோக்கன் எண்ணைப் பார்த்துவிடலாம் சார் என்றாள் அவள். சைக்கிளுக்கு நூற்றுப் பதினான்கு, ரேடியோவுக்கு நூற்றுப் பதினைந்து.

ஜூன் கடைசியில் புதுப் பட்டியல் சுவரில் ஏறியது. இருநூற்றுப் பன்னிரண்டு பெயர். நாற்பத்தொன்றாவதும் நாற்பத்திரண்டாவதும் ஒச்சம்மா. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் டோக்கன் எண் அச்சிட்டிருந்தார்கள்.

மறுநாளுக்கு மறுநாள் கேக் வந்தது. வழக்கம்போல ஒரே மெழுகுவர்த்தி, சுற்றி முப்பத்தாறு பேர். முதலில் யார் வெட்டுவது என்று வருஷா வருஷம் நடக்கும் இழுபறி தொடங்குவதற்குள், ரேடியோ கத்தியை எடுத்துச் சைக்கிளின் கையில் திணித்தாள்.

"வெட்டுங்கக்கா. சர்க்காரே சொல்லிருச்சு, நீங்கதான் கெழவி."

சைக்கிள் ஒச்சம்மா வெட்டினாள். முதல் துண்டை ரேடியோவின் வாயில் திணித்து, அந்த ரேடியோவை அரை நிமிஷம் அணைத்து வைத்தாள். ராஜகுமாரி ஓரமாக நின்று தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள், முப்பத்தாறும் போய்ச் சேர்ந்ததா என்று.